உபரிச் சரக்கையும் நிவாரணத் தேவையையும் இணைக்க ஒரு தளம்: எங்கே இடறும்?

நிரலன்:
வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் ஓடும் யோசனை ஒன்று. அடித்துத் துவைத்துப் பார்க்கத்தான் இந்த இழை.

ஒரு பக்கம் ஐ.நா.வின் மனிதநேய நிதிக் கோரிக்கை. 2025-க்கு சுமார் 47 பில்லியன் டாலர் வேண்டும் என்று தொடங்கினார்கள். பணம் வரவில்லை. ஜூன் மாதத்திலேயே, உயிர் காக்கும் வேலைகள் மட்டும் என்று சுருக்கி 29 பில்லியனுக்கு இறங்கிவிட்டார்கள். தேவை குறையவில்லை, பட்டியல்தான் குறைந்தது. இன்னொரு பக்கம் நிறுவனங்களின் கிடங்குகளில் விற்காத போர்வை, துணி, மருந்து, சோலார் விளக்கு, மடிக்கணினி. போதாததற்கு காலியாகத் திரும்பும் கன்டெய்னர்கள், விமானத்தில் நிரம்பாத இடம்.

நிறுவனங்கள் தங்களிடம் இருப்பதை ஏற்றட்டும், தொண்டு அமைப்புகள் வேண்டியதை ஏற்றட்டும், இரண்டையும் பொருத்துவது மென்பொருளின் வேலை. இதுதான் திட்டம். நிரல் எழுதுகிறவன் கண்ணுக்கு இது பெரிய வேலையே இல்லை. அதனால்தான் சந்தேகம் வருகிறது. துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், எங்கே இடறும்?

மருந்துச்சீட்டு:
தேவை இருக்கிறது, சரக்கு இருக்கிறது, நடுவில் தகவல் மட்டும்தான் இல்லை என்று வைத்துக்கொண்டு இறங்குகிறீர்கள். நான் மருந்துப் பக்கத்து ஆள். அந்தப் பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறேன்.

1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தின்போது 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் வந்து குவிந்தன. பிரித்து அடுக்கவே 50 பேருக்கு 6 மாதம் பிடித்தது. எடுத்த எடுப்பில் பயன்படுத்தும்படி இருந்தது சுமார் 30 சதவீதம். 1992 முதல் 1996 வரை போஸ்னியாவுக்கு வந்ததில் 17,000 டன் எதற்கும் உதவாத மருந்து என்று பின்னால் கணக்குப் போட்டார்கள். அதை அழிக்க மட்டும் 3.4 கோடி டாலர் ஆகும் என்றார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே: 20 லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு 4,000 டன் மருந்து. 60 சதவீதம் அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. 70 சதவீதத்தின் லேபிள் அங்கிருப்பவர்களுக்குப் புரியாத மொழியில்.

டன் கணக்கில் சொன்னால் உறைக்காது. இப்படி வரும் ஒரு பெட்டியைத் திறந்தால், மேலே டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் சாம்பிள் அட்டைகள் கிடக்கும். அடியில் பாதி கிழித்த ஸ்ட்ரிப்கள். கிழித்த பாதியோடு காலாவதித் தேதி அச்சிட்ட ஓரமும் போயிருக்கும். நடுவில் மூடி பிசுபிசுக்கும் இருமல் மருந்து பாட்டில் ஒன்று, அது கசிந்து ஒட்டிய அட்டைகள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, உள்ளே இருக்கும் மூலப்பொருள் என்ன என்று தேடி, வைப்பதா எறிவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதைச் செய்பவர் வேறு யாருமில்லை, அந்த நேரத்தில் நோயாளிக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டிய அதே ஆள்.

உலக சுகாதார நிறுவனம் 1996-ல் மருந்து நன்கொடைக்கு என்றே நெறிமுறைகள் கொண்டுவந்தது இதனால்தான். பெறுபவரின் தேவையை ஒட்டி, அவர் சம்மதத்தோடு அனுப்ப வேண்டும். போய் இறங்கும் நாளில் குறைந்தது ஒரு வருட ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் படிவத்தில் காலாவதித் தேதி கட்டாயக் கட்டமாக இருக்கட்டும். கிளம்பும் நாளை வைத்துக் கணக்கிடாதீர்கள், சேரும் நாளை வைத்துக் கணக்கிடுங்கள்.

நிரலன்:
மிக்க நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் கையில் ஃபோன் வருவதற்கு முந்தைய காலம். எது வேண்டும் என்று தெரியாததால் கண்டதையும் அனுப்பினார்கள். என் தளம் தீர்க்கப் பார்ப்பதே அதைத்தானே?

மருந்துச்சீட்டு:
2021-ல் எல்லார் கையிலும் ஃபோன் இருந்தது. அந்த மே மாதம் மலாவி 19,610 கோவிட் தடுப்பூசி டோஸ்களை எரித்தது. டிசம்பரில் நைஜீரியா 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டோஸ்களை அழித்தது. இரண்டு இடத்திலும் காலாவதி ஒட்டி வந்த நன்கொடை. குப்பியிலேயே தேதி இருந்தது, கொடுத்தவர்களுக்கும் தெரியும், வாங்கியவர்களுக்கும் தெரியும். குறைந்தது 10 வாரமாவது ஆயுள் மிச்சம் வைத்து அனுப்புங்கள் என்று ஆப்பிரிக்க ஒன்றியமும் உலகத் தடுப்பூசிப் பகிர்வுத் திட்டமான கோவாக்ஸும் நவம்பரில் கூட்டறிக்கை விட வேண்டியிருந்தது. தகவல் பற்றாக்குறை எங்கே வந்தது இதில்? கொடுப்பவர் தன் வசதிப்படி கொடுத்தார், அவ்வளவுதான்.

சரக்குமாஸ்டர்:
தம்பி நிரலன், உங்க தளத்துல "பொருத்தம் கிடைத்தது"ன்னு பச்சை விளக்கு எரிஞ்ச பிறகுதான் எங்க வேலையே ஆரம்பிக்குது. நான் கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் ஆள், சுங்கத்துல சரக்கை விடுவிச்சு அனுப்பி வெக்கிற வேலை. நிவாரணச் செலவுல 60 முதல் 80 சதவீதம் வரைக்கும் சப்ளை செயின்லதான் போகுதுன்னு இதை ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. பொருள் இலவசம்னாலும் மிச்சம் எதுவும் இலவசம் இல்ல.

ஒரு பேலட், அதாவது பெட்டிகளை அடுக்கிக் கட்டின பலகை, வந்து இறங்குது. பேக்கிங் லிஸ்ட்ல ஒரே வரி: "நிவாரணப் பொருட்கள், 40 பெட்டி". கஸ்டம்ஸ் அதிகாரி அதை வெச்சு என்ன பண்ணுவார்? ஒவ்வொரு பொருளுக்கும் ஹெச்.எஸ். கோடு, அதாவது சுங்கத்துக்கான பொருள் வகை எண், வேணும். மதிப்பு வேணும், பூஜ்யம்னு போட்டா ஏத்துக்க மாட்டாங்க. மருந்துன்னா அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி, ரேடியோ கருவின்னா அலைவரிசை அனுமதி. எல்லாத்துக்கும் மேல கன்சைனி, அதாவது சரக்கை அங்க வாங்கிக்கிறவர், யாருன்னு ஒரு பேர் வேணும், அந்தப் பேர்ல இருக்கிறவர் வந்து கையெழுத்துப் போடணும். கன்சைனி இல்லாத சரக்கு யார்டுல உட்கார்ந்துக்கும், டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறிக்கிட்டே போகும், பின்னாடி வர்ற தண்ணி சுத்திகரிப்புக் கருவிக்கு இடம் இருக்காது.

2010 ஹைட்டி நிலநடுக்கத்துல துறைமுகக் கிரேன் விழுந்துபோச்சு. போர்ட்-ஓ-பிரின்ஸ் ஏர்போர்ட்ல ஒரே ரன்வே, கன்ட்ரோல் டவரும் சேதம். அந்த நிலைமையில ஒரு விமானம் தேவையில்லாததைத் தூக்கிட்டு வந்து நின்னா, தேவையானது மேல வட்டமடிக்கும், இல்ல வேற ஊருக்குத் திரும்பிப் போகும்.

நிறுவனங்கள் கொடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. எங்க தொழில்லயே நல்ல உதாரணம் இருக்கு. சுனாமிக்குப் பிறகு 2005-ல ஆரம்பிச்சது லாஜிஸ்டிக்ஸ் எமர்ஜென்சி டீம். மேர்ஸ்க், யுபிஎஸ், அஜிலிட்டி, டிபி வேர்ல்டுன்னு வெளிய ஒருத்தரை ஒருத்தர் முந்தப் பார்க்கிற கம்பெனிங்க, உலக உணவுத் திட்டம் நடத்துற, நிவாரணச் சரக்குப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கிற லாஜிஸ்டிக்ஸ் கிளஸ்டருக்குக் கீழ சேர்ந்து வேலை செய்யறாங்க. கிடங்கு, லாரி, ஆள், எல்லாம் கிளஸ்டர் கேட்டாத்தான். டிஹெச்எல் ஐ.நா.வோட ஒப்பந்தம் போட்டு ஏர்போர்ட்டுக்குன்னே பயிற்சி எடுத்த குழு வெச்சிருக்காங்க. வந்து இறங்கற சரக்கைப் பிரிச்சு, எண்ணி, அடுக்கி, எது எங்க இருக்குன்னு எழுதி வெக்கிறதுதான் அவங்க வேலை. ஃபோட்டோவுக்கு நல்லாவே இருக்காது. ஆனா அது இல்லன்னா மத்தது நகராது.

ஐந்தொகை:
கணக்குப் பக்கம் இருந்து ஒன்று. விற்காத சரக்கு கிடங்கில் இருந்தால் வாடகை, அழித்தால் அழிப்புச் செலவு. தானம் செய்தால் இரண்டும் மிச்சம், மேலே வரிச்சலுகை. அமெரிக்கச் சட்டத்தில் நோயாளிகள், ஏழைகள், குழந்தைகளுக்கென்று நிறுவனங்கள் கொடுக்கும் சரக்குக்குத் தனிச் சலுகையே உண்டு. அடக்க விலையோடு, விற்றிருந்தால் வந்திருக்கும் லாபத்தில் பாதியையும் சேர்த்துக் கழித்துக்கொள்ளலாம், அடக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மிகாமல். இது சட்டம் கொடுத்த உரிமை, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் தளத்தின் வாசலில் முதலில் வந்து நிற்பது யார் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். வருடக் கணக்கு முடிக்கும் மாதத்தில் பாருங்கள், கூட்டம் தாங்காது.

2011-ல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி முடிந்ததும், தோற்ற அணியே வென்றதாக முன்கூட்டி அச்சடித்த சட்டைகளை வளரும் நாடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு இணையத்தில் நாறிப்போனது. சுமார் 1 லட்சம் சட்டை. அங்கே யாராவது சட்டை இல்லை என்று கேட்டார்களா என்பதுதான் அப்போது எழுந்த கேள்வி.

சும்மா_எட்டிப்பார்த்தவன்:
அப்ப எதையும் கொடுக்கக் கூடாதுங்கறீங்களா? கொடுத்தாலும் திட்டு, கொடுக்கலன்னாலும் திட்டு. நல்லது செய்ய வர்றவனை இப்படி விரட்டினா அடுத்த தடவை எவன் வருவான்?

குறுக்குக்கேள்வி:
விரட்டுவதும் சில நேரம் வேலைக்கு ஆகிறது. 2016 அக்டோபரில் ஃபைசர் கொடுக்க முன்வந்த 10 லட்சம் டோஸ் நிமோனியா தடுப்பூசியை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வேண்டாம் என்றது. எவ்வளவு திட்டு வாங்கியிருப்பார்கள்! அவர்கள் வாதம் எளிமையானது: இன்று இலவசமாகத் தருவீர்கள், நாளை நிறுத்திவிடுவீர்கள், இலவசம் கொடுத்த பெயரைச் சொல்லி மற்ற எல்லாருக்கும் விலையை உயரத்திலேயே வைத்திருப்பீர்கள். எங்களுக்கு விலையைக் குறையுங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். அடுத்த மாதமே மனிதநேய அமைப்புகளுக்கு ஒரு டோஸ் சுமார் 3 டாலர் என்று ஃபைசர் விலையை இறக்கியது. அந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கும் இன்னொரு நிறுவனமான ஜிஎஸ்கே அதற்குக் கொஞ்சம் முன்பே இறக்கியிருந்தது.

பத்து லட்சம் டோஸ் ஒரு முறை வந்து தீர்ந்துபோகும். விலை இறங்கினால் அடுத்த வருடமும் வாங்கலாம், எத்தனை வேண்டும் என்று நாமே முடிவு செய்யலாம். நிரலன், உங்கள் தளத்தில் "விலைக் குறைப்பு" என்று ஒரு வகை உண்டா? இல்லை என்று நினைக்கிறேன். உபரியை மட்டுமே வளம் என்று பார்க்கிறீர்கள்.

பொதுசுகாதாரம்:
குறுக்குக்கேள்வி சொன்ன நிகழ்ச்சி சரி. ஆனால் அதை வைத்து இலவசம் என்றாலே பொறி என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. இவர்மெக்டின் என்ற மருந்தின் கதை நேர் எதிர். ஆற்றுக் குருட்டு நோய்க்கு அது வேலை செய்கிறது என்று தெரிந்தபோது, நோய் இருந்த இடங்களில் வாங்கப் பணம் இல்லை. 1987-ல் மெர்க் நிறுவனம், எவ்வளவு தேவையோ அவ்வளவு, எவ்வளவு காலம் தேவையோ அவ்வளவு காலம் இலவசமாகத் தருவோம் என்று அறிவித்தது. இன்றும் நிற்கவில்லை. 2013-ல் கொலம்பியா, 2014-ல் ஈக்வடார், 2015-ல் மெக்சிகோ, 2016-ல் குவாத்தமாலா என்று வரிசையாக அந்த நோய் ஒழிந்ததாகச் சான்று பெற்றார்கள்.

மருந்து கொடுப்பதோடு விட்டிருந்தால் இது நடந்திருக்காது. நாடுகள் விண்ணப்பிக்கும், அதை நிபுணர் குழு பார்க்கும், அதன் பிறகே சரக்கு கிளம்பும். கடைசி மைலில் டாக்டர் கிடையாது, ஊரே தேர்ந்தெடுத்த ஒரு தன்னார்வலர். எடை பார்க்கும் கருவியும் கிடையாது. கோடு போட்ட ஒரு நீளக் கழி இருக்கும். ஆளை அதன் பக்கத்தில் நிறுத்துவார், உச்சந்தலை எந்தக் கோட்டில் வருகிறதோ அத்தனை மாத்திரை. 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குக் கிடையாது. கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஒரு வாரம் ஆகாதவருக்கும் கிடையாது. நோட்டில் பெயரெழுதி, கண் முன்னால் விழுங்கவைத்துவிட்டு அடுத்த வீடு. அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருந்து இயங்கும் அந்த நன்கொடைத் திட்டம் எடுத்த முடிவு ஒரு கழியாக மாறி ஊர்க்கோடி வரை போகிறது. இணைப்பு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

குறுக்குக்கேள்வி:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அடிக்குறிப்பு ஒன்று. இவர்மெக்டின் முதலில் கால்நடை மருந்தாக வந்து நன்றாகச் சம்பாதித்துவிட்டது. ஆற்றுக் குருட்டு நோய்க்குக் காசு கொடுக்கும் சந்தை கிடையாது, இலவசமாகக் கொடுப்பதால் எந்த விற்பனையும் போகவில்லை. நிமோனியா தடுப்பூசி அப்படியில்லை, பணக்கார நாடுகளில் கொழித்து விற்பது. பெருந்தன்மை எங்கே எளிது, எங்கே கடினம் என்று பார்க்க வேண்டும்.

பொதுசுகாதாரம்:
நோக்கத்தை அலசினால் இழை நூறு பக்கம் போகும். நான் பார்ப்பது அமைப்பை. அது கிடங்கில் மிஞ்சியது இல்லை. இந்தத் தேவைக்கென்றே தயாரித்து, எத்தனை வருடம் என்று முன்பே வாக்குக் கொடுத்து, கேட்டவருக்கு மட்டும் அனுப்புவது. மருந்துச்சீட்டு சொன்ன ஆச்சே பெட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான்.

நெறியாளர்:
இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மருந்து நிறுவனங்கள் நல்லவையா கெட்டவையா என்ற விவாதத்துக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளவும். இங்கே நிரலனின் கேள்வி மட்டும்.

முகாம்வாசல்:
அகதி முகாம் நிர்வாகத்தில் இருக்கிறேன், சுருக்கமாக எழுதுகிறேன். பக்கத்தில் சந்தை நடந்துகொண்டிருந்தால் பொருளை அனுப்பாதீர்கள், பணமாகக் கொடுங்கள். ஒரு குடும்பத்துக்கு எது குறைகிறது என்று அந்த வீட்டுக்காரிக்குத் தெரியும். இலவசப் போர்வை மலையாக வந்து இறங்கும் நாளில், இத்தனை நாள் எங்களுக்கு விற்றுக்கொண்டிருந்த வியாபாரி கடையைக் கட்டுவார். போர்வை தீர்ந்த பிறகு வாங்க ஆள் இருப்போம், விற்க ஆள் இருக்க மாட்டார்.

வெளியிலிருந்து எங்களுக்கு உண்மையில் வேண்டியது சந்தையில் கிடைக்காதவை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்தவர். ஜெனரேட்டர் நின்றால் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர். நெட்வொர்க். எரிக்சன் நிறுவனம் 2000 முதல் தன் ஊழியர்களையே தன்னார்வலர்களாகப் பேரிடர் இடங்களுக்கு அனுப்பித் தொலைத்தொடர்பு அமைத்துக் கொடுக்கிறது. அப்படி வரும் ஒருவர் பத்துக் கன்டெய்னர் சரக்குக்குச் சமம், அதுவும் சாப்பாடு தங்குமிடம் எல்லாம் ஏற்பாடு செய்துகொண்டு வந்தால். இல்லையென்றால் அவரையும் நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல பொருளே வந்தாலும் இடத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும். ஐகியா அறக்கட்டளையும் ஐ.நா. அகதிகள் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த பெட்டர் ஷெல்டர் வீடு, 17.5 சதுர மீட்டர், தட்டையாக மடித்து அனுப்பிப் பூட்டிக்கொள்ளலாம். கூடாரத்தோடு ஒப்பிட்டால் கதவும் தாழ்ப்பாளும் இருப்பதே பெரிய விஷயம். 2015-ல் 10,000 வீடு வாங்கினார்கள். அதே வருடக் கடைசியில் ஜூரிக் நகரம் தீப்பிடிப்புச் சோதனை செய்துவிட்டு எங்களுக்கு வேண்டாம் என்றது. பாலைவன முகாமில் திறந்த வெளியில் நிற்பதற்கும் ஒரு மண்டபத்துக்குள் வரிசையாக நெருக்கி வைப்பதற்கும் விதி ஒன்றாக இருக்காது.

இன்னொன்று, தளத்தில் பயனாளிகளின் பெயர், ஊர், கைரேகை எதையும் கேட்காதீர்கள். 2019-ல் உலக உணவுத் திட்டம் அமெரிக்கத் தரவுப் பகுப்பாய்வு மென்பொருள் நிறுவனமான பலன்டிரோடு கைகோத்தபோது எழுந்த எதிர்ப்பு பெரும்பாலும் இதைப் பற்றித்தான். இலவச மென்பொருளும் நன்கொடைதான், அதற்கும் கைமாறு என்ன என்று கேட்க வேண்டும்.

முன்னேற்பாடு:
எல்லாரும் பேரிடருக்குப் பிறகு என்ன அனுப்புவது என்றே பேசுகிறோம். நிறுவனங்களின் பெரிய பலம் அதற்கு முன்னால் இருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து கார்ட்டர்ஸ்வில் ஊரில் ஆன்ஹைசர்-புஷ் நிறுவனத்தின் பீர் ஆலை இருக்கிறது. 1988 முதல் அந்த நிறுவனம் அவசரத்துக்குக் குடிநீர் கேன் கொடுத்துவருகிறது. வருடத்தில் சில முறை பீர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அதே இயந்திரத்தில் தண்ணீர் அடைத்து வைத்துவிடுவார்கள். புயல் வந்ததும் செஞ்சிலுவைச் சங்கம் கேட்கும், லாரி கிளம்பும். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கேன், இயந்திரம், லாரி எல்லாம் தினசரித் தொழிலில் இருப்பதே. யார் கேட்டால் யார் அனுப்புவது என்று மட்டும் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள்.

பிலிப்பைன்ஸில் 2009 புயல்களுக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பேரிடர் அறக்கட்டளை தொடங்கினார்கள். எதிரும் புதிருமான தொலைபேசி நிறுவனங்கள்கூட ஒரே மேசையில். 2018-ல் கிளார்க்கில் தனியார் துறையே நடத்தும் அவசரகாலச் செயல்பாட்டு மையமும் திறந்தார்கள். 2016 இஸ்தான்புல் மனிதநேய உச்சிமாநாட்டில் ஐ.நா. தொடங்கிய "கனெக்டிங் பிசினஸ்" முயற்சி, இந்த மாதிரி உள்நாட்டு வணிகக் கூட்டமைப்புகளைத்தான் பல நாடுகளில் வளர்க்கப் பார்க்கிறது. உள்ளூர் நிறுவனத்துக்கு விசா வேண்டாம், மொழி தெரியும், கன்சைனி பிரச்சினையும் இல்லை. அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

சரக்கு தவிர தகவலும் வளம்தான். அமெரிக்கப் பேரிடர் அதிகாரிகள் வாஃபிள் ஹவுஸ் உணவகங்களைக் கவனிப்பார்கள். முழு மெனு ஓடினால் பச்சை, குறைந்த மெனு என்றால் மஞ்சள், மூடிவிட்டால் சிவப்பு. மின்சாரமும் தண்ணீரும் எங்கே போயிற்று என்று அறிக்கை வருவதற்கு முன் அதில் தெரிந்துவிடும். காசு செலவில்லாமல் ஒரு நிறுவனம் கொடுக்கக்கூடியது இது.

நிரலன்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. முதல் பதிவில் எழுதிய வடிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது யோசிப்பது இப்படி: நிறுவனங்கள் சரக்கை ஏற்றும் பக்கமே இருக்காது. பதிவு பெற்ற அமைப்பு தேவையை எழுதும், கன்சைனி பெயரும் சேருமிடமும் அதிலேயே இருக்கும். அது வந்த பிறகே நிறுவனத்துக்குத் தெரியும். கொடுப்பதில் சரக்கு ஒரு வகை மட்டும். ஆள், வாகனம், கிடங்கு, விலைக் குறைப்பு, பணம் எல்லாம் தனித்தனி வகை. "எத்தனை வருடத்துக்கு" என்பது கட்டாயக் கட்டம். தேவை வைத்தவர் காரணம் சொல்லாமலே மறுக்கலாம், மறுத்தது நிறுவனத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. முதலில் ஒரே ஒரு நாட்டில், அங்கே ஏற்கெனவே இருக்கும் வணிகக் கூட்டமைப்போடு மட்டும் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.

படிவத்தில் அளவை டன்னில் கேட்கவா, பெட்டியில் கேட்கவா?

சரக்குமாஸ்டர்:
ரெண்டும் வேண்டாம் தம்பி. பேலட் எத்தனை, ஒரு பேலட்டோட நீளம் அகலம் உயரம், எடை. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாமா கூடாதா. குளிர்ல வெக்கணுமா. லித்தியம் பேட்டரி இருக்கா, இருந்தா விமானத்துல ஏத்தற விதியே வேற, சோலார் விளக்கு அனுப்பறவங்க இதுலதான் மாட்டுவாங்க. அப்புறம் ஃபிரெய்ட், அதாவது சரக்குக் கூலி, யார் கட்டறதுன்னு ஒரு கட்டம், துறைமுகம் வரைக்குமா, கிடங்கு வாசல் வரைக்குமான்னு அதுக்குக் கீழ இன்னொண்ணு. அந்த ரெண்டையும் காலியா விட்டா "அனுப்பு" பொத்தானே வேலை செய்யக் கூடாது.